இருநூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு

போன வாரம் கவிதா போன் செய்தாள். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்த கிளை நூலகத்தில் இப்போது நூலகராக இருக்கும் பெண். பழைய புத்தகங்களையெல்லாம் ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது.

"சார், ஒரு டவுட். ருஷ்யச் சிறுகதைங்க இங்கிலீஷ்ல ரெண்டு தொகுதி இருக்குல்ல, ரெண்டுலயும் இருநூத்தி நாப்பதாம் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. 'இதன் தொடர்ச்சி மற்றத் தொகுதியில்'னு உங்க கையெழுத்துல. சீட்டோட எடுக்கவா, கிழிச்சுட்டு எடுக்கவா?"

"கிழிச்சேன்னா அங்கேயே வந்து உதைப்பேன்" என்றேன்.

சிரித்தாள். "அப்ப என்ன கதைன்னு எழுதிக் குடுங்க சார். புதுசா ட்ரெயினிங் வர்ற பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள். என் பெருமையை எழுதச் சொல்லியிருந்தால் ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன். இது என் முட்டாள்தனம், கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மண்ணச்சநல்லூர். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். நான் தமிழ் மீடியத்தில் படித்து, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, நூலகச் சான்றிதழ்ப் படிப்பும் முடித்து, இருபத்தாறு வயதில் மூன்றாம் நிலை நூலகராக வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பில் சொல்லிக்கொடுத்தது முழுக்கப் புத்தகத்துக்கு எண் போடுவது பற்றி. புத்தகத்தைக் கையால் தொடுவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் மேலதிகாரி பத்மாசனி அம்மாள்.

அம்மாளுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். சித்திரை வீதியிலிருந்து நடந்தே வருவார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் துணிப்பை, பைக்குள் ஒரு ரப்பர், ஒரு பென்சில், ஒரு மயிலிறகு. மயிலிறகு எதற்கென்று கடைசி வரை நான் கேட்கவில்லை. யாரையும் அதட்டமாட்டார். தப்புச் செய்தால் அந்தப் புத்தகத்துக்குள் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் வைத்து, அதில் நம் பேரின் முதலெழுத்தை மட்டும் எழுதி, மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சேர்ந்த முதல் மாதத்தில் என் மேசையில் பன்னிரண்டு துண்டுக் காகிதம். வேலையை விட்டுவிட்டு மில்லுக்கே போய்விடலாமா என்று யோசித்ததுண்டு.

கிழிந்த புத்தகங்களைப் பைண்டிங்குக்கு அனுப்பும் வேலை என்னுடையது. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பைண்டர் இருந்தார். சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, இருபது நாள் கழித்துப் போய் எடுத்து வருவேன். வந்த புத்தகங்கள் ஒரு வாரம் வெங்காய வாசனை அடிக்கும்.

வந்ததும் சரிபார்க்க வேண்டும். புத்தகம் என்பது பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைத்தது. அந்த ஒவ்வொரு மடிப்புக்கும் ஃபாரம் என்று பெயர். தையல் பிரித்துத் திரும்பத் தைக்கும்போது ஃபாரம் முன்பின் மாறலாம், தலைகீழாகப் போகலாம், காணாமலும் போகலாம். அதற்கு அம்மாள் ஒரு முறை வைத்திருந்தார்.

"பக்க நம்பர் மட்டும் பாத்தா போறாது. ஒரு ஃபாரத்தோட கடைசி வரி, அடுத்த ஃபாரத்தோட மொத வரி, ரெண்டையும் சேத்து வாய்விட்டு வாசி. கண்ணு ஏமாந்து போகும். காது ஏமாறாது."

நான் என் மேசையில் உட்கார்ந்து வாசிப்பேன். அவர் நாலடி தள்ளித் தன் மேசையில் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பார். ஒரு முறை தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றில், "வாழைக் கன்றை நட்டு மூன்றாம் மாதம்" என்று நான் ஒரு வரியை முடித்து, "தாளிதம் செய்து இறக்கவும்" என்று அடுத்ததைத் தொடங்கினேன். தலையைத் தூக்காமலே, "நட்ட கன்னைத் தாளிக்கப்படாது" என்றார். நல்ல முறைதான், நான் குறை சொல்லமாட்டேன்.

தமிழ்ப் புத்தகமாக இருக்கும் வரை எனக்கும் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில்தான் மானம் போயிற்று. எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். வாய்விட்டு வாசித்தால் மண்ணச்சநல்லூர் மில்லில் மூட்டை இறக்குகிற மாதிரி இருக்கும். அந்த அம்மாளோ ஆங்கிலத்தில் எம்.ஏ. அவர் காதில் என் உச்சரிப்பு விழ வேண்டுமா? அதனால் ஆங்கிலப் புத்தகம் வந்தால் மட்டும் வாய்விட்டு வாசிப்பதை விட்டுவிட்டேன். பக்க எண்ணைப் பார்ப்பது, உதட்டை அசைப்பது, டிக் போடுவது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்படி ஒரு நாள் டிக் போட்ட கட்டில்தான் அந்த ருஷ்யச் சிறுகதைகள் இரண்டு தொகுதியும் இருந்தன. அந்தக் காலத்தில் ருஷ்யாவிலிருந்தே ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சாகி மலிவு விலையில் வந்து இறங்கும். கெட்டி அட்டை, கனத்த தாள். இரண்டு தொகுதியும் ஒரே அளவு, ஒரே எழுத்து, இரண்டுக்கும் இருநூற்றைம்பத்தாறு பக்கம். பைண்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். கடைசி ஃபாரம் மட்டும் மாறிவிட்டது. முதல் தொகுதியின் கடைசிப் பதினாறு பக்கம் இரண்டாவதில், இரண்டாவதன் கடைசிப் பதினாறு பக்கம் முதலாவதில். பக்க எண்களோ இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பத்தொன்று என்று அழகாக வரிசையாக ஓடின. நான் டிக் போட்டேன்.

பதினான்கு வருடம் அது யாருக்கும் தெரியவில்லை. இதற்குள் அம்மாள் ஓய்வு பெற்றுப் போனார், அவர் நாற்காலிக்கு நான் வந்தேன்.

முதல் தொகுதியை ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் போவார். கணக்கு வாத்தியார் நடராஜன். மண்ணச்சநல்லூர்ப் பள்ளியில் வேலை, குடியிருப்பது நூலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளி. மூன்று வருடத்தில் தேதிச் சீட்டில் பாதிக்கு மேல் அவர் எடுத்த தேதிகள்தான். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அதுல அப்படி என்ன சார் இருக்கு?"

"கடைசிக் கதை சார்" என்றார். "ஒரு ஊர்ல ரெண்டு அண்ணன் தம்பி. பட்டாளத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர் போயாகணும். பேர் விழுந்தது அண்ணனுக்கு. ஆனா அண்ணன் தந்திரம் பண்ணித் தம்பியை அனுப்பிடறான். தம்பி திரும்பி வந்து வேற ஊர்ல இருந்துக்கறான். இருபது வருஷம் பேச்சே இல்லை. கடைசில அண்ணன் பனில வண்டி கட்டிக்கிட்டுப் போயி தம்பி வீட்டுக் கதவைத் தட்டறான்."

"அப்புறம்?"

"கதவு திறக்குது. வா, உக்காருன்னு சொல்றான். டீ போட்டுக் குடுக்கறான். ஏன் வந்தே, எதுக்கு வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அவ்வளவுதான் சார் கதை."

பிறகு தானாகவே தன் கதையைச் சொன்னார். அவருக்கும் ஒரு தம்பி. சேகர். முக்கொம்பு தாண்டி ஒரு ஊரில் இருக்கிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முக்கால் மணி நேரம். பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா இறந்த அன்று தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தாராம். ராகு காலத்துக்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். எடுத்துவிட்டார்கள். தம்பி வந்து சேர்ந்தது அரை மணி நேரம் கழித்து. அம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை.

"தப்பு என்னோடதுதான் சார். எனக்கு எல்லாம் மணிப்படி நடக்கணும். ஆனா நான் போறப்ப அவன் கதவைத் திறப்பான். ஒண்ணும் கேக்கமாட்டான். இந்தக் கதையை எப்பல்லாம் படிக்கிறேனோ அப்பல்லாம் அது எனக்கு நிச்சயமாத் தெரியுது."

"அப்ப ஒரு எட்டு போயிட்டு வந்துட வேண்டியதுதானே?"

"போகணும் சார். பத்தாவது பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. ஆடி கழியட்டும் என்றார். பிறகு மகள் கல்யாணம். அழைப்பிதழ் தபாலில் போனதாகக் கேள்வி, ஆள் போகவில்லை. நடுவில் புத்தகம் மட்டும் அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

இப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை கல்லூரி மாணவி ஒருத்தி இரண்டாம் தொகுதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதுவரை அதை யாரும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. சீட்டில் தேதிகளே இல்லை.

"சார், இந்தக் கடைசிக் கதைல ஒரு வயசான டாக்டர், தன்கிட்ட முன்னாடி வேலை பாத்தவரைத் தேடிப் போறாரு. அந்த டாக்டருக்குத் தம்பியே கிடையாது. கடைசிப் பக்கத்துல தம்பி செத்துட்டான்னு ஒரு பாட்டி அழுவுது. எந்தத் தம்பி சார்?"

வாங்கிப் படித்தேன். பனியில் நிற்கும் அண்ணன். கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி வந்து சொல்கிறாள். இங்கே இருந்தவன் செத்து ஒன்பது நாள் ஆயிற்று, கடைசி வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தான் என்கிறாள். நடராஜன் சார் படித்துக்கொண்டிருந்த கதையின் உண்மையான முடிவு இதுதான். டீ போட்டுக் கொடுத்த ஆள் தம்பியே அல்ல, டாக்டரின் பழைய வேலைக்காரர். ருஷ்யக் கதைகளில் பாதிக்கு மேல் யாராவது பனியில் வந்து யார் வீட்டுக் கதவையாவது தட்டிக்கொண்டிருப்பார்கள், ஒட்டியது தெரியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆள் பேர் மாறுமே, அது கூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கிறது. பிறகு நடராஜன் சாரே சொன்னார், "ருஷ்யக்காரனுக்கு ஆளுக்கு மூணு பேரு சார். வீட்டுல ஒண்ணு, ஊர்ல ஒண்ணு, அப்பா பேரோட ஒண்ணு. இதுவும் அதுல ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன்." நான் அன்று அந்த இரண்டு வரியை வாய்விட்டு வாசித்திருந்தால், யார்டா இது புது ஆள் என்று அம்மாள் நாலடி தள்ளி உட்கார்ந்தபடியே கேட்டிருப்பார். உச்சரிப்புக்கு வெட்கப்பட்டு ஒரு மனுஷனின் வாழ்க்கையில் வேறு ஒருவர் கதையைத் தைத்து வைத்திருக்கிறேன்.

இனி என்ன செய்வது? போய்ச் சொல்வதா? அந்த மனிதர் மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே கொம்பு அது. உங்கள் தம்பி கதவைத் திறக்கமாட்டார், செத்துப்போவார் என்று கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னால் எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு லீவு. பத்மாசனி அம்மாள் வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அன்னிக்கு வாய்விட்டு வாசிச்சியா?"

"இல்லம்மா."

"தெரியும். உனக்கு இங்கிலீஷ் வாசிக்க வெக்கம். உதடு மட்டும் அசையும், நான் பாத்துண்டுதான் இருந்தேன். சங்கடப்படுத்த வேண்டாம்னு கேக்காம விட்டேன். அது என் தப்பு." காம்பைக் கீழே போட்டார். "அவர்கிட்ட சொல்லிட்டியோ?"

"அதாம்மா யோசிக்கிறேன். மனசு உடைஞ்சு போயிடுவாரு. ஏற்கெனவே போறதுக்குத் தயங்கறவரு, இதைப் படிச்சா போகவே மாட்டாரு."

"அதை நீ எப்படித் தீர்மானம் பண்றே? நாம புஸ்தகம் எடுத்துக் குடுக்கறவா. எந்த முடிவு இவருக்கு ஆகும், எது ஆகாதுன்னு பாக்கறது நம்ம உத்தியோகம் இல்லை. அவர் படிச்சது கதையே இல்லைப்பா. ரெண்டு கதையோட அரையும் பாதியும். இன்னிக்கே போய்ச் சொல்லு. ரெண்டாம் தொகுதியையும் கொண்டுபோ."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நடராஜன் சார் வீடு வழியில்தான் இருந்தது. வாசல் வரை போனேன். உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. குடும்பத்தோடு இருக்கிறார், இப்போது போய் எதற்கு என்று திரும்பிவிட்டேன். அம்மாளுக்கு என்ன தெரியும், அவர் அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனி, ஞாயிறு அப்படியே போயிற்று.

திங்கட்கிழமை அவர் பள்ளி அரை நாள்தானாம், மதியம் அவரே வந்தார், புத்தகத்தைப் புதுப்பிக்க. வேறு வழியில்லை. வாசக சாலையில் ஓரமாக உட்காரவைத்து, இரண்டு தொகுதியையும் முன்னால் வைத்து, என் தப்பை ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு இரண்டாம் தொகுதியை எடுத்து இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஏழெட்டுப் பக்கம்தான். நான் எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"இதுதான் ஒரிஜினலா சார்?"

"ஆமா சார். மன்னிச்சுக்குங்க."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "இப்ப மணி என்ன?" என்றார். இரண்டே கால் என்றேன். எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். மேசையில் குடை கிடந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அதற்குள் சத்திரம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

மறு பைண்டிங்குக்கு அனுமதி கேட்டு எழுதினேன், வரவேயில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒட்டியதுதான் கவிதா பார்த்த சீட்டுகள். நடராஜன் சார் ஒரு மாதம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் லீவு என்றார்கள். குடை என் நாற்காலியில் மாட்டியபடி கிடந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் வந்தார். தலை மொட்டை, மீசை இல்லை. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ஈரல் கெட்டுப் போச்சு சார். ஆறு மாசமாப் படுத்த படுக்கையாம். என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கான். நான் போனப்ப கதவைத் திறந்தது அவன் பொண்ணு. நான் யாருன்னே அதுக்குத் தெரியலை. உள்ள போனேன். என்னைப் பார்த்தான். அப்புறம், 'என்னண்ணே, ராகு காலம் இப்பதான் முடிஞ்சுதா'ன்னு கேட்டான்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான் அழுதேன், இதில் என்ன வெட்கம்.

"அங்கேயே தங்கிட்டேன் சார். நான்தான் குளிப்பாட்டினேன், கஞ்சி குடுத்தேன். சின்னப் பிள்ளைல நாங்க பண்ணின அட்டகாசத்தையெல்லாம் அவன் பொண்ணுக்குச் சொன்னோம். அம்மாவோட கடைசி நாள் எப்படி இருந்ததுன்னு கேட்டான், ஒண்ணு விடாம சொன்னேன். பதினோரு நாள் இருந்தான். பழைய முடிவையே படிச்சுக்கிட்டு இருந்தேன்னா அடுத்த பரீட்சை, அடுத்த ஆடின்னு இன்னும் இங்கதான் சார் உக்காந்திருப்பேன். அவன் எங்க போயிடப் போறான்னு இருந்துட்டேன். அந்தப் பதினோரு நாளை நீங்கதான் குடுத்தீங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றேன். "எனக்கு அதுக்கு முந்தின திங்கக்கிழமையே தெரியும். சொல்லச் சொன்னாங்க, நான் சொல்லலை. உங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். உங்க மனசு உடைஞ்சிடும்னு நினைச்சு ஒரு வாரம் வெச்சிருந்துட்டேன்."

அவர் என் கையை விடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். கரும்பலகையில் பிள்ளைகள் போட்ட கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு நிமிடம் யோசித்தார்.

"அப்ப பதினெட்டு நாள்" என்றார்.